ஒருமனதாக ஒரு புத்தகம்

அக்கா, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் மடியில் வாங்கிக்கோங்க. அழ மாட்டாள், ஜன்னல் கிடைத்தால் போதும் அவளுக்கு. பேர் தன்ஷிகா. வைத்தது அவ அப்பா. எனக்கே வாயில் நுழைய ஒரு வாரம் ஆச்சு. இந்தப் பெட்டியை மட்டும் சீட்டுக்கடியில் தள்ளிட்டு வந்துடுறேன்.

கண்டக்டர் அண்ணாச்சி, துணிமணி இல்லை, புத்தகம். புத்தகத்துக்கும் லக்கேஜா? சரி, போட்டுக்கோங்க. அதையும் ஏன் விடணும்.

நீங்க நகர்ந்து இடம் விட்டதே பெரிசுக்கா. திருநெல்வேலிக்கா? நானும் அங்கேதான். அப்போ ஒன்றரை மணி நேரம் பேசலாம். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வருவேன். எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார்.

கையில் என்ன, புத்தகமா? ஒன்று கேட்கட்டுமா, தப்பா நினைக்கக் கூடாது. அது நல்ல புத்தகம்னு உங்களுக்கு யார் சொன்னா?

யாரும் சொல்லலையா? சும்மா எடுத்தீங்களா? எப்படிக்கா மனசு வந்தது! மூன்று மாசமாக நான் அந்த ஒரே கேள்விக்காகத் தென்காசிக்கும் பாளையங்கோட்டைக்கும் அலைந்து, செருப்பு தேய்ந்து, பிள்ளைக்குச் சளி பிடித்து, கடைசியில் வெறுங்கையோடு, இல்லை, கை நிறையப் பெட்டியோடு திரும்பிப் போகிறேன். நீங்க என்னடான்னா சும்மா எடுத்தேன்கிறீங்க.

இந்தப் பெட்டி கார்த்திகை மாசம் எங்க ஊருக்கு வந்தது. எங்க ஊர் ஓடைக்கரைப்பட்டி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, பஸ்ஸே ஒரு நாளைக்கு நாலு தடவைதான் வருது. திருநெல்வேலியில் ஒரு அறக்கட்டளை இருக்கு. அவங்க வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஊர் மகளிர் குழுவுக்கு, அந்த வருஷம் வெளிவந்த புதுப் புத்தகமா அறுபது அனுப்புவாங்க. மூன்று மாசம் வைத்துக்கொள்ளலாம். குழுவில் இருக்கிற அத்தனை பேரும், 'இந்தப் புத்தகம் எங்கள் ஊருக்கு வேண்டும்' என்று ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். இருபதுக்குப் போட்டால் இருபதும் ஊருக்கு. ஒன்றே ஒன்றுக்குப் போட்டாலும் போதும். அந்த ஒன்றோடு கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி வரும், வருஷா வருஷம் புதுப் புத்தகமும் வரும். ஒன்றுக்குக்கூடப் போடலைன்னால் பெட்டி திரும்பிப் போகணும். அலமாரி அடுத்த ஊருக்கு. அடுத்த ஊர் எது தெரியுமா? மருதடியூர். அங்கேதான் என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருக்கு. இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அலமாரியைப் பத்திக் கேட்டே என் காது போயிடும்.

குழுவில் நாங்க பன்னிரண்டு பேர். எல்லாரும் பீடி சுத்துறவங்கதான். பிளஸ் டூ வரைக்கும் போனது நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் இரண்டாவது ரேங்க் அக்கா நான்! ரிசல்ட் வந்த மறுமாசம் கல்யாணம். அதுக்கப்புறம் என் பேரை எழுதின ஒரே இடம் ரேஷன் கார்டு, அதிலும் நாலாவது ஆள். அப்படி இருக்கையில் மேரி ஜாய் டீச்சர், எங்க ஊர்த் தலைமை ஆசிரியை, என்னைக் கூப்பிட்டு, "முப்பிடாதி, அலமாரி வந்தா சாவி உங்கிட்டதான். பள்ளிக்கூடத்துப் பழைய சத்துணவு ரூம் சும்மாதான் கிடக்கு, அங்க வச்சுக்கலாம். வெளியே போர்டுல உன் பேரை எழுதிருவோம்"னு சொன்னாங்க. பொறுப்பாளர், மு. முப்பிடாதி. அன்றைக்கே போய் அந்த ரூமுக்கு வெள்ளையடித்தேன். சுவரை நூல் பிடித்து அளந்து, அலமாரி நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

கையெழுத்துதானே, போட்டுட்டுப் போகவேண்டியதுதானேன்னு கேட்கிறீங்க. எங்க குழுவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. போன வருஷம் டூர் போகணும்னு பேச்சு. கோமு மதினி வேளாங்கண்ணிதான்னு நின்னாள். பிரமாச்சி சித்திக்குத் திருச்செந்தூர். ராமலெட்சுமி வாயே திறக்க மாட்டாள், அன்னைக்குத் திறந்து கொடைக்கானல்னாள். கடைசியில் எங்கே போனோம்? ஆலங்குளம் சந்தைக்கு. அதுவும் ஆளுக்கொரு பஸ்ஸில். ஒரே கலர்ல சேலை எடுப்போம்னு முடிவு பண்ணி நாலு மாசம் ஆச்சு, இன்னும் கலர் முடிவாகலை. இவளுக பன்னிரண்டு பேரும் ஒரு புத்தகத்துக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடுவாளுகளா?

பெட்டி வந்த அன்றைக்கே எல்லாரும் பீடி சுத்துற சுளகைக் கீழே வைத்துட்டு வந்து சுத்தி நின்னாளுக. கோமு மதினி, "ஏட்டி, அதுல ஒண்ணை எடுத்து வாசி. கை வேலையப் பாக்கும், காது கேக்கும்" என்றாள்.

"மதினி, கையைப் பாருங்க. பூராவும் பீடித் தூள். கறை படாமத் திருப்பித் தரணும்னு எழுதியிருக்கு."

"நாந்தொடலை. நீ வாசி."

"எது நல்ல புத்தகம்னே தெரியாம எதை வாசிக்க? வாசிச்சா ஆளுக்கொண்ணு சொல்லுவீங்க. முதல்ல தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

"தெரிஞ்சவகன்னா யாரு?"

"விமர்சகர்."

"அது யாருளா? வக்கீலு மாதிரியா?"

"இல்ல சித்தி. புத்தகத்தைப் படிச்சு நல்லது கெட்டது சொல்றவங்க. அவங்க எல்லாரும் ஒத்துக்கிட்ட புத்தகம்னா, நாம மறுபேச்சு பேச முடியாதுல்லா? அப்படியே கையெழுத்துப் போட்டுறலாம்."

கோமு மதினி சிரிக்கிறாள். "சோத்தைத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லுததுக்கும் சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காகளா? எனக்கு அந்த வேலை கிடைக்குமாளா?"

நான் பேச்சு வளர்க்கலை. அறுபதையும் எண்ணி, எங்க வீட்டுக்காரர் வேட்டியில் மூட்டையாகக் கட்டி, பெட்டியில் வைத்து, பரணில் ஏத்திட்டேன். முடிவாகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு கண்டிப்பாகச் சொல்லிட்டேன். பொறுப்புன்னு வந்துட்டால் அப்படித்தானேக்கா இருக்கணும்?

நானா? நான் எங்கக்கா படிக்க! எனக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம். புத்தக வேலையே தலைக்கு மேல கிடந்தது.

மார்கழி பிறந்ததும் பேப்பரிலும் பத்திரிகையிலும் போனிலும் பட்டியல் வர ஆரம்பித்தது. 'இந்த ஆண்டின் சிறந்த பத்து நூல்கள்.' டீச்சர்தான் காட்டினாங்க. எனக்கு வாயெல்லாம் பல்லு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அறுபது புத்தகத்தின் பேரையும் வரிசையாக எழுதி, பட்டியலில் பேர் வரவர டிக் போட்டேன். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆட்டுக்கு ஊசி போடுற அன்றைக்கு நான்தான் நோட்டுப் போடுவேன், எனக்கு அது பழக்கம். எந்தப் புத்தகத்துக்கு டிக் அதிகமோ அது நல்ல புத்தகம். சரிதானே? தப்பு ஒன்றும் இல்லையே?

பத்தொன்பது பட்டியல் சேர்த்தேன். பத்தொன்பது பேர், ஆளுக்குப் பத்துப் புத்தகம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொன்னால் என்னவாம்? வாய் சுளுக்கிடுமா? முக்கால்வாசி எங்க பெட்டியிலேயே இல்லாத புத்தகம். பேர் வந்ததுக்கும் ஒரே ஒரு டிக். எங்கேயோ ஒன்றுக்கு இரண்டு. இரண்டு வாங்கின ஒரு புத்தகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, டீச்சர்கிட்ட காட்டினால், அவங்க கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "முப்பிடாதி, இந்தப் பட்டியலோட தலைப்பைப் படிச்சியா?"ன்னு கேட்கிறாங்க. 'இந்த ஆண்டு நான் பாதியில் மூடிவைத்தவை'ன்னு போட்டிருக்கு. அதையும் நல்ல பட்டியல்னு சேர்த்துட்டேன். அதை ரப்பர் வைத்து அழித்தேன். பக்கமே ஓட்டை விழுந்தது.

கடைசியில் ஒரே ஒரு புத்தகம் மூன்று டிக்கோடு நின்றது. 'நிழலின் எலும்பு.' மூன்று டிக்! விடுவேனா? உடனே விசாரித்தேன். முதல் பட்டியல் போட்டவர் அந்தப் புத்தகத்தை அச்சுப் போட்டவர். இரண்டாவது ஆள் அதுக்கு முன்னுரை எழுதினவர். மூன்றாவது ஆள் யாருன்னு நினைக்கிறீங்க? அதை எழுதினவரே. சொந்த மாப்பிள்ளைக்கு மாமியார் நற்சான்று கொடுக்கிற மாதிரி! மாமியார்கூடக் கொடுக்க மாட்டாங்க, அது வேற விஷயம்.

அப்போதான் எனக்கு ஒன்று தோணுச்சு. இவங்க யாரும் கூடிப் பேசுறதே இல்லைக்கா. ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பட்டியல் போட்டால் எப்படி ஒத்துப்போகும்? எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறவங்க கூட்டம் நடக்கும். கரகாட்டமா, மெல்லிசையா, எந்த வெள்ளிக்கிழமை, இதெல்லாம் ஒருமனதாத்தான் முடிவாகணும். ஒரு ஆள் தலையாட்டலைன்னாலும் நடக்காது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. முடிவாகிற வரைக்கும் காபி கிடையாது. கருப்பட்டிக் காபி அண்டாவில் கொதித்துக்கிட்டே இருக்கும், சுக்கு வாசம் தெருவையே தூக்கும், ஆனால் ஒரு டம்ளர் வெளியே வராது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் எப்பேர்ப்பட்ட பகையாளியும் தலையாட்டிடுவான்.

அதையே செய்தால் என்னன்னு கிளம்பினேன். பிள்ளையையும் வீட்டுச் சாவியையும் கோமு மதினிகிட்ட கொடுத்துட்டு மூன்று ஊருக்குப் போனேன். நான் இல்லாத நாள் பூராவும் எங்க வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுத்தினாளுக, பிள்ளையையும் பார்த்துக்கிட்டாளுக. அதில் குறை சொல்லக் கூடாது.

பாளையங்கோட்டையில் ஞானசிகாமணி சார், காலேஜில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "இந்த ஆண்டு தமிழில் புத்தகமே வரவில்லை அம்மா" என்றார். "சார், எங்க பரண்லயே அறுபது இருக்கு"ன்னேன். "அவை அச்சிடப்பட்ட தாள்கள்" என்றார். தென்காசியில் ஆவுடையப்பன் சார், மின்வாரியத்தில் வேலை, சொந்தமாகச் சின்னப் பத்திரிகை நடத்துகிறவர். பேராசிரியர் பேரைச் சொன்னதும், "அவரா? அவர் கடைசியாப் படிச்ச புத்தகம் அவர் எழுதினதுதான்"ன்னு சொல்லிட்டு, டீ வாங்கித் தந்தார். நல்ல மனுஷன். ஆலங்குளத்தில் ஜெபசீலி, சின்னப்பொண்ணு, போனில் புத்தகத்தைப் பத்தி வீடியோ போடுவாள், லட்சம் பேர் பார்க்கிறாங்களாம். அவள், "அக்கா, ரெண்டு அங்கிளும் வர்றாங்கன்னா நான் வரலை. இல்ல இல்ல, கண்டிப்பா வர்றேன்" என்றாள்.

தை மாசம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு ரூம். அறுபது புத்தகத்தையும் பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பிட்டேன், பெண் பார்க்க வருகிற மாதிரி. எங்க பெண்கள் பத்துப் பேர் வெளியே ஜன்னலைப் பிடித்துட்டு நின்னாளுக. பின்பக்கம் பிரமாச்சி சித்தி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்துக்கிட்டிருக்காள். நான் மூன்று பேருக்கும் ஒரு கும்பிடு போட்டு, "எங்க ஊர் வழக்கம், முடிவானதும்தான் சாப்பாடு. ஒரே ஒரு புத்தகம் போதும். மூணு பேரும் ஒத்துச் சொல்லிட்டா எங்க ஊருக்கு ஒரு அலமாரி வந்துரும்"னு சொல்லிட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு எல்லாரும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாங்க. பதினொரு மணிக்கு ஆவுடையப்பன் சார் ஒரு புத்தகத்தை எடுத்து, "இதுல உழைக்கிறவன் வேர்வை இருக்கு" என்றார். பேராசிரியர், "ஆமாம், தமிழ்தான் இல்லை" என்றார். ஜெபசீலி இன்னொன்றை எடுத்து, "இது எனக்கு அழுகை வந்துச்சு அங்கிள்" என்றாள். "அழுகை வருவது இலக்கியம் அல்ல அம்மா, வெங்காயம்." "அப்போ உங்க புத்தகம் தூக்க மாத்திரையா?" என்றாள். ஜன்னலில் கோமு மதினி கெக்கெக்கெனச் சிரித்ததும் நான் முறைத்தேன்.

ஒரு மணிக்குக் குழம்பு வாசம் வந்தது. பேராசிரியர் இரண்டு தடவை கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். இரண்டு மணிக்குச் சித்தி வேண்டுமென்றே மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். இரண்டரைக்கு, நம்ப மாட்டீங்க, மூன்று பேரும் ஒரு புத்தகத்துக்குத் தலையாட்டினாங்க! 'கடைசிப் பெயர்ப்பலகை.' தடிமனான புத்தகம். பேராசிரியர், "இதை வேண்டுமானால் ஏற்கலாம்" என்றார். ஆவுடையப்பன் சார், "எனக்கு ஆட்சேபம் இல்லை" என்றார். ஜெபசீலி, "ஓகேக்கா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் பென்சில் கோட்டுக்கு மேல் அலமாரி வந்து நின்ன மாதிரியே தெரிந்தது.

அறக்கட்டளை கொடுத்த ஃபாரத்தில் ஒரு கட்டம் உண்டு, 'காரணம்'னு. பேனாவை எடுத்து, "என்ன எழுத சார்?"ன்னு கேட்டேன். அங்கேதான் கெட்டது.

"கதை என்ற ஒன்றே இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் இதன் பெருமை" என்றார் பேராசிரியர்.

"கதை இல்லையா?" என்றார் ஆவுடையப்பன் சார். "முழுக்க அந்த அண்ணன் தம்பி கதைதானே சார் இது?"

ஜெபசீலி, "அண்ணன் தம்பியா? அக்கா தங்கச்சி அங்கிள்" என்றாள்.

பேராசிரியர் புத்தகத்தை எடுத்துப் பின்அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் வைத்ததும் ஆவுடையப்பன் சார் எடுத்துப் பின்அட்டையைப் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில், பசிக்குதுன்னு எழுந்துட்டாங்க.

எனக்கு என்ன வருத்தம்னால், எப்பேர்ப்பட்ட புத்தகம் பாருங்க அது! ஒரே புத்தகத்தில் ஒருத்தருக்கு அண்ணன் தம்பி தெரியுது, ஒருத்தருக்கு அக்கா தங்கச்சி தெரியுது, ஒருத்தருக்கு யாருமே தெரியலை. அவ்வளவு ஆழமான புத்தகம். ஒரு காரணத்தில் மட்டும் ஒத்துப்போயிருந்தால் இன்றைக்கு எங்க ஊரில் இருந்திருக்கும். அன்றைக்கு ராத்திரிகூடப் புலம்பினேன். எங்க வீட்டுக்காரர், "நீ அதைப் புரட்டிப் பாத்தா அண்ணனா அக்காவான்னு தெரிஞ்சிரும்லா"ன்னு சொல்றார். இவருக்கு லோடு ஆட்டோ ஓட்டத் தெரியும், இலக்கியம் தெரியுமா? படித்த மூன்று பேருக்கே பிடிபடாதது எனக்கா பிடிபடும்?

சாப்பாட்டிலாவது ஒத்துப்போவாங்கன்னு பார்த்தேன். பேராசிரியர் பிரமாதம்னார். ஜெபசீலி காரம்னாள். ஆவுடையப்பன் சார் உப்புக் கம்மின்னார். சித்தி அன்றையிலிருந்து தென்காசிக்காரர்னாலே மூஞ்சியைத் திருப்புகிறாள்.

அதுக்கப்புறம் எனக்கு வேலையே ஓடலைக்கா. இருபது நாள்தான் மீதி. இன்னும் ஏழு பேருக்கு லெட்டர் போட்டேன், நாலு பேருக்குப் போன் பண்ணினேன். இங்கே இப்படி நான் தவித்துக்கிட்டிருக்கேன், எங்க குழுப் பெண்களுக்கு ஒரு கவலை உண்டா? ஒரு வார்த்தை, 'என்ன ஆச்சு முப்பிடாதி'ன்னு கேட்டாளுகளா? இல்லை. ஏதோ சீரியல் பைத்தியம் பிடித்துக்கிச்சு அவளுகளுக்கு. பீடி சுத்த உட்கார்ந்தால் வேதவல்லி, வேதவல்லின்னு அதே பேச்சு.

"வேதவல்லி அந்த வீட்டுக்கு வந்தே இருக்கக் கூடாதுளா."

"வராம எங்க போவா? அவளுக்கு யாரு இருக்கா?"

"அக்காக்காரி கதவைத் தொறந்து வச்சிட்டுத் தூங்குன மாதிரிப் படுத்திருந்தால்லா, அங்கதான் நான் சுத்துன பீடியக் கீழ போட்டுட்டேன்."

நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்னுடும். "எந்தச் சேனல் மதினி?"ன்னு கேட்டால், "நீ உன் வேலையப் பாருளா, உனக்கு ஆயிரம் சோலி" என்கிறாள். ஒருநாள் ராமலெட்சுமி கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். புருஷன் அடிச்சிட்டானோன்னு பதறிப்போய்க் கேட்டால், "இல்லக்கா, வேதவல்லி போயிட்டா" என்கிறாள். சீரியலுக்கு அழுகிற அளவுக்கு வந்துட்டாள். அதைவிட வேடிக்கை, வேதவல்லி பண்ணினது சரியா தப்பான்னு பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில், சரி, என்னை விடுங்க, பதினோரு பேருக்கும் ஒரே பேச்சு. சரிதானாம். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்களாம். சேலைக் கலருக்கு இந்த ஒத்துமையைக் காட்டியிருக்கக் கூடாதா?

இன்றைக்குக் கெடு முடியுது. நேற்று ஃபாரத்தை எடுத்து, புத்தகத்தின் பேர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டேன். காரணம் என்கிற கட்டத்தில், 'கருத்தொற்றுமை ஏற்படவில்லை'ன்னு எழுதினேன். நல்ல கையெழுத்துக்கா எனக்கு. அழகாத்தான் இருந்தது. எழுதிட்டுக் கொஞ்ச நேரம் சத்துணவு ரூமில் போய் உட்கார்ந்திருந்தேன். தூசி தட்ட வேண்டியிருந்தது.

காலையில் பெட்டியைக் கட்டும்போது ஒன்றொன்றாக நோட்டில் சரிபார்த்தேன். ஒரு பக்கம் மடங்கலை, ஒரு முனை கசங்கலை, மூன்று மாசம் பீடித் தூளுக்கு நடுவில் வைத்திருந்து, வந்த மாதிரியே திருப்பிக் கொடுக்கிறேன். இப்படி யார் கொடுப்பா? அப்படி எண்ணிக்கிட்டே வருகிறேன், அம்பத்தொன்பதுதான் இருக்கு.

இன்னொரு தடவை எண்ணினேன். அம்பத்தொன்பதுதான். நாற்பத்தேழாம் நம்பர் இல்லை. 'கொழுந்தியாள் வந்த வருஷம்.' அதுக்கு ஒரு டிக் கிடையாதுக்கா! பத்தொன்பது பட்டியலில் ஒருத்தர் அதைச் சொல்லலை. நல்லதுன்னும் சொல்லலை, பாதியில் மூடினேன்னும் சொல்லலை. பெஞ்சில் பரப்பி வைத்தபோது அந்த மூன்று பேரில் ஒருத்தர் கையால் தொடலை. திருடுகிறவள் நல்ல புத்தகமாகப் பார்த்துத் திருடக் கூடாதா? எனக்கு அதுதான் ஆறலை.

பதினோரு பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்துக் கேட்டேன். "தெரியாது." ஒருத்தியாவது 'எலி இழுத்துட்டுப் போயிருக்கும்', 'பிள்ளை கிழிச்சிருக்கும்'னு மாத்திச் சொல்லணுமே! பதினோரு வாயும் ஒரே வாய். ராமலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே சொல்றாள், தெரியாதுன்னு. "ஏட்டி, ஒரு புத்தகம் குறைஞ்சா நம்ம ஊர்ப் பேரையே அடிச்சிருவாங்க, இனி எந்தக் காலத்துக்கும் பெட்டி வராது"ன்னு கத்தினேன். கண்ணில் தண்ணி வந்துட்டுக்கா எனக்கு.

அப்புறம் பாருங்க, பஸ் ஏத்திவிட எல்லாரும் வந்துட்டாளுக. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனப்போகூட இத்தனை பேர் வரலை. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாளுக. பஸ் கிளம்பப் போகுது, கோமு மதினி ஜன்னல்கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "புத்தகம் குறைஞ்சா ஊருக்கு வந்து வீடு வீடாத் தேடுவாகளாளா?" என்றாள்.

"தேட மாட்டாங்க மதினி. அசிங்கமாப் பேசுவாங்க, அவ்வளவுதான். கேட்டுக்கிடுறேன்."

பின்னால் இருந்த பத்துப் பேருக்கும் மூச்சு வந்தது. எனக்குக் கேட்டது அது. கோமு மதினி அப்பவும் ஜன்னல் கம்பியை விடலை. பஸ் நகருது, கூடவே நடந்து வருகிறாள்.

"ஏளா, அங்க கேட்டுட்டு வா. அந்தக் கொழுந்தியா புத்தகம் எழுதுன ஆளு வேற எதுவும் எழுதியிருக்காகளான்னு. எழுதியிருந்தா பேரை எழுதி வாங்கிட்டு வா. மறந்துறாத."

பார்த்தீங்களாக்கா அக்கறையை? அலமாரி போச்சு, போர்டு போச்சு, நான் திருட்டுப் பட்டம் வாங்கப் போறேன். இவளுக்கு இருக்கிற அம்பத்தொன்பதைப் பத்தி ஒரு கேள்வி இல்லை, காணாமப் போனதைப் பத்தித்தான் கேட்டுட்டு வரணுமாம். கேட்க மாட்டேன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தால், பதினோரு பேரும் ரோட்டில் நின்னு என்னையே பார்க்கிறாளுக.

உங்க பேனாவைக் கொஞ்சம் கொடுங்கக்கா. உள்ளங்கையில் குறித்து வைத்துக்கிறேன், இல்லாவிட்டால் அந்தக் கலவரத்தில் மறந்துடுவேன். கேட்காமல் திரும்பினால் வீட்டுக்குள் விட மாட்டாளுக.